கொறங்காட்டு வெள்வேலும் கோயமுத்தூர்க் கரும்பும்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் சாலையில் ஊதியூர் மலை தாண்டிப் போகிறவர்கள் இருபுறமும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டைப் பார்த்திருப்பார்கள். முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை விரித்தாற்போல வெள்வேல மரம். காங்கேயம் காளையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த மரத்தையும் ஒரு வரி எழுதுவார்கள்: மாட்டுக்கு நிழல், ஆட்டுக்குக் காய். அதன் பட்டைக்கு இன்னொரு வேலை இருந்ததை அவர்கள் யாரும் எழுதுவதில்லை. எங்கள் சீமையில் பட்டைச் சாராயம் என்று சொன்னது இந்த வெள்வேலம்பட்டையைப் போட்டுக் காய்ச்சியதைத்தான். வெள்ளைக்காரர் காலத்துத் தாவர நூல்கள் கூட இதைச் சாராயம் காய்ச்ச உதவும் மரமாகவே குறித்து வைத்திருக்கின்றன.

நான் சாராய ஆலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். முகர்ந்து பார்ப்பதும், நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவதும் எனக்குச் சம்பளம் வாங்கித் தந்த வேலை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும், நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: “ஏனுங்க, விஸ்கி நல்லதுங்களா, பிராந்தி நல்லதுங்களா?” ரெண்டும் ஒரே தொட்டியில் இருந்து வருவதுதானுங்க என்று சொன்னால் நம்பமாட்டார். அந்தத் தொட்டி எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் தொட்டி இல்லாத காலம். காங்கேயம் மழை மறைவுப் பூமி. வாய்க்கால் பாசனமும் ஆழ்துளைக் கிணறும் வந்து தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் பெருகியது பின்னால். அதற்கு முன் இங்கே குடிக்கக் கொடுத்தது பனை. பானைக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் தெளுவு, அதாவது பதநீர், இறங்கும். தடவாமல் விட்டால் கள். சுண்ணாம்பின் காரம் நுரைமத்தை (ஈஸ்ட்) வேலை செய்ய விடாது, அவ்வளவுதான் வித்தியாசம். என் அப்புச்சி விடிகாலைக் கள்ளையும் அந்திக் கள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். எந்தக் காட்டு மரத்துக் கள் என்பதையும் பல நேரம் சொல்வார். செம்மண் காட்டுப் பனையின் கள் இனிப்புத் தூக்கலாக இருக்கும் என்பது அவர் கணக்கு. பிற்காலத்தில் ஆலையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நான் செய்த வேலை அதுதான். அவருக்குச் சம்பளம் கிடையாது.

சாராயம் வேறு கதை. வெல்லமோ கருப்பட்டியோ கரைத்து, இடித்த வெள்வேலம்பட்டையைப் போட்டு ஊறல் போடுவார்கள். பட்டையின் துவர்ப்பு சும்மா ருசிக்கு அல்ல. அது பாகில் இருக்கும் புரதக் கசடைத் திரித்து அடியில் தள்ளும்; புளிப்பேற்றிக் கெடுக்கும் கிருமிகளை மட்டுப்படுத்தும். நுரைமத்துக்கு வழி சுத்தமாகும். டானின் என்ற பெயர் தெரியாதவர்கள் கண்டுபிடித்த உத்தி இது. ஆக, காங்கேயத்தின் பழைய குடியில் இனிப்பு பனையிலிருந்தோ கரும்பிலிருந்தோ வந்தது, துவர்ப்பு கொறங்காட்டு மரத்திலிருந்து வந்தது, காய்ச்சியவன் முகம் குடித்தவனுக்குத் தெரிந்திருந்தது. இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஊறல் பானையில் என்னென்னவோ விழுந்தது, குடும்பங்களும் விழுந்தன. ஆனால் குடிக்கிறவனுக்குத் தான் என்ன குடிக்கிறோம் என்பது தெரியும்.

இந்தத் தெளிவில் முதலில் கை வைத்தது வரி. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மரத்தையும் பானையையும் கடையையும் ஒரே பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. கள் இறக்கும் மரத்துக்கு எண் போட்டு மரவரி வாங்கினார்கள். கள்ளுக்கடைகளை ஏலம் விட்டார்கள். சாராயத்தை ஊருக்கு ஊர் காய்ச்ச விடாமல், பெரிய வடிசாலையில் காய்ச்சி, அளந்து, வரி போட்டு அனுப்பும் ஏற்பாடு பரவியது. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை நடத்திய பாரி கம்பெனியார் 1897ல் அமைத்த நிறுவனத்தின் பெயரே ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ்’. இன்றைக்கு ஈ.ஐ.டி. பாரி என்று சர்க்கரைப் பையில் பார்க்கிறோமே, அதில் முன்னால் நிற்பது சாராயம், பின்னால்தான் சர்க்கரை. ஊர் வடிப்பு குற்றமாயிற்று. ஆலை வடிப்பு வருமானமாயிற்று. வெள்வேலம்பட்டை அன்றிலிருந்து போலீஸ் வழக்கில் மட்டும் வரும் பொருளானது.

சீமைச் சரக்கு அப்போது நம் ஆட்களுக்கு எட்டாதது. துரைமார்கள் முதலில் குடித்தது பிராந்தியும் தண்ணீரும். ‘பிராந்தி பானி’ என்றே அதற்குப் பெயர். 1860களுக்குப் பின் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்சிரா என்ற பூச்சி வேரோடு தின்று தீர்த்தது. பிராந்தி அரிதானது, ஸ்காட்லாந்து வியாபாரிகள் மால்ட் விஸ்கியையும் தானிய விஸ்கியையும் கலந்து அந்த இடத்தைப் பிடித்தார்கள். துரைமார் கிளப்புகளில் விஸ்கி சோடா உட்கார்ந்தது. தெற்கே மட்டும் பிராந்தி மருந்தின் வேடத்தில் தங்கிவிட்டது. சளி பிடித்த பிள்ளைக்கும் பிரசவித்த பெண்ணுக்கும் ஒரு கரண்டி பிராந்தி கொடுக்கிற பழக்கத்தை என் ஆத்தா காலத்திலேயே பார்த்திருக்கிறேன். அது எந்த நோயையும் தீர்க்காது, பிள்ளைக்குக் கெடுதல் என்பது வேறு. விஸ்கி கெட்ட பழக்கம், பிராந்தி வைத்தியம் என்ற எண்ணம் இப்படித்தான் வேர் விட்டது. இன்றும் தமிழ்நாட்டுக் கடைகளில் பிராந்திக்கு இருக்கும் மவுசில் அந்த மருந்து வாசம் இருக்கிறது.

அடுத்து வந்தது மதுவிலக்கு. கொங்கு நாடுதான் அதற்குக் களம். 1921ல் ஈரோட்டில் ஈ.வெ.ராமசாமி கள்ளுக்கடை மறியல் நடத்தினார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் நின்றார்கள். சேலத்தை அடுத்த தாதம்பட்டித் தோப்பில் இருந்த தம் 500க்கும் மேற்பட்ட தென்னைகளை, கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று ஈ.வெ.ரா. வெட்டிச் சாய்த்தார். 1937 அக்டோபர் 1ல் ராஜாஜி அரசு இந்தியாவிலேயே முன்மாதிரியாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அன்று காவிரியின் கிழக்குக் கரையில் பள்ளிபாளையம் சேலம் மாவட்டம். மேற்குக் கரையில் ஈரோடு கோயமுத்தூர் மாவட்டம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை மூடியது, இந்தப் பக்கம் திறந்திருந்தது. இழந்த வருமானத்தை ஈடு செய்ய 1939ல் ராஜாஜி பொது விற்பனை வரி போட்டார். கள் போன இடத்தில் வந்த அந்த வரி, கள் திரும்பி வந்த பிறகும் போகவில்லை.

1948ல் ஓமந்தூரார் காலத்தில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் ஆனது. அந்த வருடங்களில் காங்கேயம் பக்கம் பனங்காட்டில் ஊறல் போட்டவர்களும், பட்டணத்தில் இஞ்சி டிங்சரும் வார்னிஷும் குடித்தவர்களும் உண்டு. 1971ல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார். 1974க்குள் கடைகள் மறுபடி பூட்டப்பட்டன. 1981ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது; ‘இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது’ என்ற விசித்திரமான பெயருள்ள பாட்டில் மட்டும் தப்பியது. 2003ல் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்கே போயின. பனையேறிக் கள் இறக்கினால் வழக்கு. அரசுக் கடையில் குவாட்டர் வாங்கினால் பில். வாளையாறு தாண்டினால் பாலக்காட்டுச் சித்தூரில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது, இந்தப் பக்கம் அதே தென்னை, அதே பாளை, குற்றம். கள்ளைத் திறக்கச் சொல்லிக் கொங்கு விவசாயிகள் இன்றும் போராடுகிறார்கள். 2017ல் அரசு நீரா இறக்க அனுமதி அறிவித்தது; அது புளிக்காதது, நம் தெளுவுக்குப் பங்காளி.

அந்தக் குவாட்டருக்குள் என்ன இருக்கிறது? இங்கேதான் கோயமுத்தூர் உள்ளே வருகிறது. 1912ல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சார்லஸ் பார்பரும் டி.எஸ்.வெங்கடராமனும் தடித்த நாட்டுக் கரும்பை, வறட்சி தாங்கும் காட்டு நாணல் இனத்தோடு இனக்கலப்பு செய்தார்கள். 1918ல் கோ 205 வெளிவந்தது. ‘கோ’ என்றால் கோயமுத்தூர். அந்த வரிசைக் கரும்புகள் பஞ்சாப் வரைக்கும் பரவின. 1932ல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், நாடு முழுக்க முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் ஐந்தே வருடத்தில் நூற்றைத் தாண்டின. ஒரு டன் கரும்பை ஆட்டினால் சர்க்கரை போக சுமார் 40 கிலோ மொலாசஸ் மிஞ்சும். கருப்பாக, கெட்டியாக, ஆற்றில் விட்டால் மீன் செத்து மிதக்கும் சரக்கு. அதைப் புளிக்க வைத்து வடித்தால் ஒரு டன் மொலாசஸுக்கு 220 லிட்டருக்கு மேல் ஆல்கஹால். மிச்சத்தைக் காசாக்க இதைவிட வழி இல்லை. கொங்கிலேயே ஆப்பக்கூடல் சக்தி ஆலையும், மடத்துக்குளம் பக்கம் அமராவதி கூட்டுறவு ஆலையும் சர்க்கரையோடு எரிசாராயமும் வடித்தவை.

வடித்ததை மறுபடி மறுபடி சுத்தம் செய்தால் 96 சதவீத எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால் கிடைக்கும், ஆலையில் ஈ.என்.ஏ. என்போம். இதற்கு வாசம் இருக்கக்கூடாது, ருசி இருக்கக்கூடாது. எதையும் நினைவுபடுத்தாமல் இருப்பதுதான் இதன் தரம். இதில் சுத்த நீர் விட்டு 42.8 சதவீதத்துக்கு இறக்கி, கேரமல் நிறம் சேர்த்து, கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட் ஊற்றினால் விஸ்கி. மால்ட்டுக்குப் பதில் கொஞ்சம் திராட்சை ஸ்பிரிட் ஊற்றினால் பிராந்தி. காலையில் பிளெண்டிங் தொட்டியில் எது என்பதை டாஸ்மாக் ஆர்டர் முடிவு செய்யும். எவ்வளவு திராட்சை என்றால், கலப்புப் பிராந்திக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் கேட்கும் குறைந்தபட்சம் நூற்றுக்கு 2 பங்கு. ஐரோப்பாவில் மொலாசஸில் வடித்ததை விஸ்கி என்று விற்கவே முடியாது. தானியத்தில் வடித்து மூன்று வருடம் மரப்பீப்பாயில் இருந்திருக்க வேண்டும்.

ஆலை லேபில் நானும் உடனிருந்தவர்களும் ஒரு முறை விளையாட்டாக வேறொன்று செய்தோம். குருணை அரிசியில் வடித்த தானிய ஸ்பிரிட் மாதிரி வந்திருந்தது. நாசிக் பக்கத்துத் திராட்சை ஸ்பிரிட்டும் இருந்தது. ஈ.என்.ஏ.வைத் தொடாமல் இரண்டையும் மட்டும் சேர்த்தோம். முகர்ந்து பார்ப்பதற்கு 20 சதவீதத்துக்கு இறக்கிவிடுவோம், இல்லாவிட்டால் மூக்கு எரியும். சரிபாதியில் திராட்சை மட்டும்தான் தெரிந்தது: உலர்ந்த திராட்சை, கொஞ்சம் பன்னீர் வாசம். மூன்றுக்கு ஒன்று என்று தானியத்தைக் கூட்டியதும் படிந்தது. முதலில் திராட்சை மூக்கைத் தொட்டது. வாயில் வைத்ததும் சோறு வடித்த கஞ்சியின் இனிப்பு மெல்ல எழுந்து, தொண்டை வரை நின்றது. உடனிருந்த சீனியர் துப்பிவிட்டு, “தம்பி, இது ஏதோ ஊர்ச் சரக்கு மாதிரி இருக்குது” என்றார். பாராட்டுத்தான். ஆனால் அதை விற்பனைக்கு எடுக்க முடியாது. லிட்டருக்கு விலை பலமடங்கு. கேட்கும் ஆளும் அப்போது இல்லை.

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 1948ல் தொடங்கிய பெங்களூரு அம்ருத் ஆலை, தன் மால்ட்டைக் கலப்பு விஸ்கிக்கே ஊற்றிக்கொண்டிருந்தது. 2004ல் அதைத் தனி மால்ட்டாக கிளாஸ்கோவில் இறக்கியது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும் என்றால், பெங்களூரு வெயிலில் 10 சதவீதத்துக்கும் மேல் போகும். அதனால் முதிர்ச்சியும் சீக்கிரம். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கொள்கையால் உடைந்த அரிசியும் மக்காச்சோளமும் வடிசாலைகளுக்குப் போகத் தொடங்கிவிட்டன. எங்கள் ஊர் அரிசி ஆலைகளில் மலைமலையாகக் குவியும் குருணைக்கு இதுவரை கோழித்தீவனமே பெரிய வாடிக்கை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருடம் முழுக்கக் காய்க்கிறது. தானியமும் திராட்சையும் நமக்குப் பஞ்சமில்லை. பாட்டிலுக்குள் மட்டும் அவை சொட்டுக் கணக்கில் இருக்கின்றன.

கள் திறக்கலாமா, கடை மூடலாமா என்ற சண்டையில் இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 1886லிருந்து கொங்கு நாட்டான் என்ன குடிக்க வேண்டும் என்பதை அவன் நாக்கு முடிவு செய்யவில்லை, அவன் நிலமும் முடிவு செய்யவில்லை. வரிப் பதிவேடுதான் முடிவு செய்தது. அதை நான் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் அரசிடம் ஒன்று கேட்கலாம். மாட்டுத் தீவன மூட்டையில் புரதம் எத்தனை, நார் எத்தனை என்று அச்சடிக்கச் சொல்கிறோம். குவாட்டர் பாட்டிலின் லேபிளில் திராட்சை எத்தனை சதவீதம், தானியம் எத்தனை, மொலாசஸ் எத்தனை என்று அதேபோல அச்சடிக்கட்டும். ஆலையில் ஒவ்வொரு தொட்டிக்கும் அந்தக் கணக்கை நாங்கள் எழுதித்தான் வைத்தோம். பந்தியில் என்னைக் கேட்பவர் அதன் பிறகு பாட்டிலையே கேட்டுக்கொள்வார்.