முகம் காட்டாத சிறுவன்

1987 ஜூலை 22 அன்று இலண்டனில், தாம் பணிபுரிந்த அல்-கபஸ் நாளிதழின் அலுவலகத்திற்கு வெளியே பாலஸ்தீனக் கேலிச்சித்திர ஓவியர் நாஜி அல்-அலி சுடப்பட்டார். ஐந்து வாரங்கள் நினைவு திரும்பாமலே கிடந்து, ஆகஸ்டு 29இல் உயிர்நீத்தார்.

1948இல் கலிலேயாவின் அல்-ஷஜரா என்னும் தம் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழப் பத்து. லெபனானின் ஐன் அல்-ஹில்வே அகதி முகாமே அவரை வளர்த்தது. 1969இல் குவைத்தில் அவர் படைத்த ஹந்தலா, என்றும் பத்து வயது மாறாத வெறுங்கால் சிறுவன். கசப்புக்குப் பேர்போன குமட்டிக்காயின் அரபுப் பெயரை ஒட்டியது அவன் பெயர். 1973க்குப் பின் அவன் கைகளைப் பின்னால் கட்டி, வாசகருக்கு முதுகு காட்டியே நின்றான். தாயகம் திரும்பும்வரை அவன் வளரமாட்டான் என்றார் நாஜி.

இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு, அரபு ஆட்சியாளரின் போலித்தனம், தம் மக்களின் தலைவர்களுடைய தடுமாற்றம் ஆகிய அனைத்தையும் அவரது தூரிகை ஒருசேர எள்ளி நகையாடியது. கொலை மிரட்டல்கள் தொடர்ந்தன. 1985இல் குவைத்திலிருந்தும் வெளியேற நேர்ந்தது. ஆயினும் கை ஓயவில்லை.

எத்தரப்பையும் சாராதவருக்கு எத்தரப்பிலும் பகை உண்டு. எனவே கொலைப்பழியும் பல திசைகளில் சுட்டப்பட்டது. 2017இல் இலண்டன் காவல்துறை புலன்விசாரணையைப் புதுப்பித்தது. எனினும் அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. சுட்டவன் யாரென இன்னும் தெரியவில்லை. ஹந்தலாவோ அகதி முகாம்களின் சுவர்களில் இன்றும் முதுகு காட்டி நிற்கிறான்.