ஆட்டிசம் சான்றிதழ் பிறந்த கதை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற எல்லாருக்கும் முட்டுக்காடு படகுத்துறை தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனமும் அதே முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பழகிய இடம். அந்தக் குடும்பங்கள் அலைந்து திரிந்து வாங்குகிற காகிதம் ஒன்று உண்டு: ஆட்டிசம் என்று பெயர் சொல்லி, சதவீதம் போட்டு, அரசு மருத்துவக் குழு கையெழுத்திட்ட சான்றிதழ். ஆட்டிசத்தை மருத்துவம் விவரித்த நாளிலிருந்து அந்தக் காகிதம் இந்தியாவில் பிறக்க 70 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தனிமையை நாடிய, சின்ன மாற்றத்தையும் தாங்க முடியாத குழந்தைகள். அவர்களில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட். அவர் கல்லூரியில் படித்தார், சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், 2023இல் 89 வயதில் இறந்தார். அந்த முதல் குழந்தை தாத்தா வயதை எட்டிய பிறகும் உலகம் ஆட்டிசத்தைக் குழந்தைகள் விஷயமாகவே பேசிக்கொண்டிருந்தது.

இந்தியச் சட்டத்தின் கண்ணில் ஆட்டிசம் உள்ள குழந்தைகூடப் படவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 குறைபாடுகளை ஏற்றது. ஆட்டிசம் அதில் இல்லை. அறிவுத்திறன் குறைவும் சேர்ந்திருந்தால் மனவளர்ச்சி குன்றியவர் என்று சான்றிதழ் வாங்கலாம். இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பெயரிலேயே ஏந்தி வந்தது. எங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பெற்றோரின் கவலையே அதன் உயிர். அதனால் 18 வயது கடந்தவருக்கும் பாதுகாவலரை நியமிக்க அது வழி செய்தது. வளர்ந்தவர் தன் வாழ்க்கையைத் தானே நடத்துவார் என்ற நினைப்புக்கு அதில் இடம் குறைவு.

சான்றிதழ் கொடுக்க அளவுகோல் வேண்டும். செகந்திராபாத்தில் இருந்த தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல் 2009இல் வெளியானது. அதில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐ எட்டாவிட்டால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். இந்த அளவுகோலின்படி சான்றிதழ் வழங்குவதற்கான அரசு அறிவிக்கை 2016 ஏப்ரலில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 என்ற பட்டியலை 21 ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்டது. படிப்பிலும் அரசு வேலையிலும் ஒதுக்கீடு கேட்க வழி பிறந்தது. சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் மற்றவருக்குச் சமமான உரிமை உண்டு என்றும் அந்தச் சட்டம் சொன்னது. பெற்றோர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது இது.

அந்த 40 கூறுகளையும் இப்போது ஒரு பெரியவரின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். கண்ணைப் பார்க்கிறாரா, பதிலுக்குச் சிரிக்கிறாரா, ஒதுங்கி இருக்கிறாரா, சொன்னதையே சொல்கிறாரா என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிபவையே அதிகம். மீதியைப் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வார்கள். 35 வயதில் போய் நிற்பவர் என்ன செய்வார்? கண்ணுக்குப் பதில் புருவ நடுவைப் பார்க்கப் பள்ளியிலேயே பழகியிருப்பார். மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரிக்கக் கற்றிருப்பார். மாமல்லபுரத்துக்காரராக இருந்தால், உளிச் சத்தம் ஓயாத தெருவை விட்டுவிட்டுச் சுற்றிப் போவதன் காரணத்தை வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தம் தாங்காமல் வெளியே போய் நின்றதற்குத் ‘திமிர் பிடிச்சவன்’ என்று பெயர் வாங்கியிருப்பார். பெண்ணாக இருந்தால் ‘அமைதியான பொண்ணு’ என்ற பாராட்டுக்குள்ளேயே அத்தனையும் மறைந்திருக்கும். இவ்வளவு பாடுபட்டு மறைக்கக் கற்றவருக்குத்தான் மதிப்பெண் குறைகிறது. பாடு மட்டும் குறையவில்லை.

அந்தப் பாடுகளை உள்ளிருந்து சொன்னவர்கள் ஆட்டிசம் உள்ள பெரியவர்களே. 1993இல் டொரன்டோவில் நடந்த ஆட்டிசம் மாநாட்டில் ஜிம் சின்க்ளேர், எங்களை நினைத்துத் துக்கம் கொண்டாட வேண்டாம் என்று பெற்றோர்களிடம் பேசினார். ஆட்டிசத்தைத் தனியே உரித்தெடுத்தால் மிஞ்சுவது அதே மனிதராக இருக்க மாட்டார் என்பது அவர் வாதம். தாமும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் இன்னொன்றை எடுத்துக்காட்டினார்: புரிந்துகொள்ளத் தவறுவது இரண்டு பக்கமும் நடக்கிறது, பழியை மட்டும் ஒரு பக்கம் சுமக்கிறது. பிற்பாடு தன்னை அறிந்துகொள்ளும் எத்தனையோ பேருக்கு, இத்தனை நாள் தன் குணக்கேடு என்று நினைத்தவற்றைத் திரும்பப் படிக்க இந்தச் சிந்தனைகள் துணை நிற்கின்றன.

சான்றிதழ் வேண்டும். உரிமையைக் கேட்க அலுவலகத்தில் நீட்டுவதற்கு அதைவிட வலுவான காகிதம் இல்லை. ஆனால் நான் யார் என்ற கேள்விக்கு அதன் சதவீதம் பதிலாகாது; அந்தப் பதிலுக்காக அதன் வரவைப் பார்த்துக் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த அளவுகோலை எழுதும்போது ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் எழுதுபவர்களாக உட்கார வேண்டும். 40 வயதில் தனியாக வந்து நிற்பவரிடம், ‘அப்பா அம்மா வரலையா?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘உங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகுது, சொல்லுங்க’ என்று மருத்துவக் குழு கேட்க வேண்டும். அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் தாளில் இடம் இருக்க வேண்டும்.