ஹெரால்டு ஏன் ஒழுகுகிறது?

பழைய கார்களைச் சீர்செய்பவர்களிடம் பேசிப் பாருங்கள். இஞ்சினைப் பற்றி அதிகம் புலம்ப மாட்டார்கள், ரப்பரைப் பற்றித்தான் புலம்புவார்கள்! கதவைச் சுற்றி ஓடும் பீடிங்கும் முன் கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பரும் கிடைக்காமல், பெயின்ட் அடித்து முடித்த வண்டிகூட ஷெட்டிலேயே நிற்கும். ட்ரையம்ப் ஹெரால்டில் இந்தத் தலைவலி கொஞ்சம் கூடுதல். அதற்கான காரணம் ஒரு கம்பெனி கைமாறியதில் தொடங்குகிறது. காமர்ஸ் படிக்கிற எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனதே அதனால்தான்.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனி, தன் சிறிய கார்களுக்கு வேண்டிய பாடியை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்திடம் வாங்கி வந்தது. 1953-ல் அந்த நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. அப்புறம் என்ன, அடுத்த மாடலுக்குப் பாடி தர ஆளில்லை. சேஸிஸும் பாடியும் ஒன்றாக வெல்டிங் செய்த கார்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் பழைய வழிக்குத் திரும்பியது. தனி சேஸிஸ். அதன்மேல் வெவ்வேறு இடங்களில் செய்த பாடித் துண்டுகளை போல்ட் போட்டு முடுக்குவது. இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த அழகான வடிவத்தில் 1959-ல் ஹெரால்டு வெளிவந்தது.

முன்பகுதி தனி, பின்பகுதி தனி, கூரைகூடத் தனி! இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் தண்ணீரைத் தடுக்க ஏதாவது வேண்டுமே. ஆக, மற்ற கார்களில் வெல்டிங் செய்யும் வேலையில் ஒரு பங்கு இங்கே ரப்பர் தலையில் விழுந்தது. ஆரம்ப கால ஹெரால்டுகள் மழையில் ஒழுகிப் பெயர் வாங்கியதில் ஆச்சரியமில்லை.

அதே போல்ட்டுகளால் ஒரு நன்மையும் உண்டு. துண்டு துண்டாகக் கப்பலேற்றி வெளிநாட்டில் பூட்டுவது சுலபம். அப்படித்தான் 1961-ல் நம் சென்னைக்கு அருகே, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ பிறந்தது.

இப்போது உதிரிபாகத்துக்கு வருவோம். இங்கிலாந்து ஹெரால்டு 1971-ல் நின்றது. ஆனால் அதன் சேஸிஸிலிருந்து பிறந்த ஸ்பிட்ஃபயர் 1980 வரை ஓடியதால் இஞ்சின், பிரேக், ஸ்டியரிங் சாமான்களுக்கு அங்கே பெரிய பஞ்சமில்லை. ரப்பரையும் சிலர் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நமக்குத்தான் சிக்கல். 1960-களின் கடைசியில் சென்னை ஆலை நான்கு கதவு வைத்த ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் இருந்ததெல்லாம் இரண்டு கதவுதான்! பின்கதவுக்கென்று அளவெடுத்த ரப்பரை அங்கே யாரும் செய்ததே இல்லை. நம் ஆலையும் 1980-களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

புதிதாகச் செய்யக் கூடாதா என்றால், செய்யலாம். நீளமாக ஓடும் பீடிங்குக்கு ஒரு டை வெட்டினால் போதும், அதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் மெஷினை ஓட்டினால் நூற்றுக்கணக்கான மீட்டர் எடுத்தால்தான் ஆலைக்குக் கட்டும். ஒரு காருக்குச் சில மீட்டர் போதும், மீதியை யார் வாங்குவது? அச்சில் வார்க்க வேண்டிய மூலைத் துண்டுகள் என்றால் செலவு இன்னும் ஏறும். பல உரிமையாளர்கள் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால்தான் கணக்கு உதைக்காது.

இதனால் புதுப்பேட்டையில் வேறு காரின் பீடிங்கை வாங்கி ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ரப்பர் கொஞ்சம் தடிமனாகவோ கெட்டியாகவோ இருந்தால் கதவு பாடியோடு சமமாகப் படியாது. டிங்கர் பார்த்துப் பார்த்துச் செய்த இடைவெளியெல்லாம் கெட்டுவிடும். மெலிந்தால் மழை உள்ளே.

எனவே ஹெரால்டைப் பிரிக்கும்போது வெடித்துப்போன பழைய ரப்பரைக் குப்பையில் போடாதீர்கள். அதிகம் நசுங்காத இடத்தில் (பெரும்பாலும் கதவின் மேல் மூலைக்குப் பக்கத்தில் கிடைக்கும்) ஒரு விரற்கடை நீளம் பிளேடால் நேராக வெட்டி, வெட்டிய முகத்தை இங்க் பேடில் ஒற்றித் தாளில் பதியுங்கள். டை வெட்டுகிறவர் முதலில் கேட்கப்போவது அந்த வடிவத்தைத்தான்.