வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள்: வயதோடு ஏறும் சம்பள வரம்பு

சைனாடவுன் போன்ற நகர வட்டாரங்களின் தனியார் மொழிப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ நாடும் வெளிநாட்டவருக்கு, வேலை கிடைப்பதைவிட நிலைப்பதே கடினம். 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. அந்த வரம்பு வயதுக்கேற்ப உயர்ந்து, 45 வயதில் 10,700 வெள்ளியை எட்டுகிறது. ‘காம்பஸ்’ முறையில் 40 புள்ளிகளும் வேண்டும்.

வகுப்பறைச் சம்பளம் அந்த வேகத்தில் ஏறுவது அரிது. ‘செல்ட்டா’ சான்றிதழ் முதல் வேலைக்கு உதவும். நாற்பதைத் தாண்டியும் இங்கிருக்க விரும்புவோர், ‘டெல்ட்டா’ பட்டயமோ முதுகலைப் பட்டமோ பெற்று, ஆசிரியர் பயிற்சி, பாடத்திட்டம், பள்ளி நிர்வாகம் ஆகிய பொறுப்புகளுக்கு முன்கூட்டியே மாறுவது நல்லது. பள்ளி மாறினால், புதிய முதலாளி மனிதவள அமைச்சிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.