ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கு

1907-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பில்லி மெரிடித் முதலிய கால்பந்தாட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டனர். அன்று அவர்களைப் பிணித்திருந்த இரண்டு தளைகளும், இரண்டு மகா யுத்தங்கள் வந்து போன பின்னரும், அறுபடாமலே இருந்தன.

முதலாவது சம்பள வரம்பு. 1901-இல் வாரத்துக்கு 4 பவுன் என்று ஏற்பட்ட அது, 1958-இல் 20 பவுனை எட்டியது. கோடையிலோ 17 தான். ஆட்டக்காரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில், உறுப்பினர்களை வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரையில் திரட்டிக்கொண்டு வந்தபோது, 1961 ஜனவரியில் கால்பந்து லீக் நிர்வாகம் பணிந்து அவ்வரம்பைக் கைவிட்டது. ஃபுல்ஹாம் சங்கத்தின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுன் பெறலானார்.

பத்திரிகைகளுக்கு இந்த 100 பவுனே பெரிய அதிசயமாயிருந்தது. ஆயினும் இரண்டாவது தளையே கொடியது என்பது என் அபிப்பிராயம். அந்நாளில், ஒப்பந்தக் காலம் முடிந்து, அந்தக் காகிதத்துக்கு உயிரே இல்லாமற் போன பின்னும், ஆட்டக்காரனின் பதிவை மட்டும் பழைய சங்கம் தன் வசமே வைத்துக்கொண்டு, அவனை வேறெந்த லீக் சங்கத்திலும் ஆடவொட்டாமல் தடுக்கலாம். அவன் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் சம்பளமும் கிடையாது. கொல்லனோ தச்சனோ ஒரு பட்டறையை விட்டு மறு பட்டறைக்குப் போக யாருடைய அனுமதியையும் வேண்டாத தேசத்தில், இவனுடைய ஜீவனத்துக்கு மட்டும் இப்படியொரு பூட்டு!

1956 முதல் நியூகாசில் யுனைடெட்டுக்கு ஆடிவந்த ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம், 1960-இல் ஒப்பந்தம் முடிந்ததும் மீண்டும் கையெழுத்திட மறுத்து, தம்மை விடுவிக்கக் கோரினார். நியூகாசில் இணங்கவில்லை. பந்தை நளினமாக ஆளுவதில் பெயர் பெற்ற அந்த இளைஞர், மாதக்கணக்கில் ஆட்டமின்றித் தெற்கே சென்று தக்கை விற்றுப் பிழைத்தார். ஆண்டு முடியுமுன் 47,500 பவுனுக்கு ஆர்சனல் அவரை வாங்கிக்கொண்டது.

தம் காரியம் கைகூடிய பின்பு வழக்கு மன்றத்தின் படியேற அவருக்கு அவசியமே இல்லை. எனினும் ஆட்டக்காரர் சங்கத்தின் துணையோடு அவர் நியூகாசிலின்மேல் வழக்கை நடத்தினார். பூட்டை நீக்கினால் செல்வம் மிக்க சங்கங்கள் நல்ல ஆட்டக்காரர் யாவரையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று எதிர்த்தரப்பு வாதித்தது. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் சங்கங்களுக்குள் சமத்துவம் காக்கும் பாரத்தை, உழைக்கிறவனின் சுதந்திரத்தின்மேல் ஏற்றுவது எந்த நியாயம்? ஆட்டக்காரர் சங்கச் செயலாளர் கிளிஃப் லாய்ட், வாழ்ந்து அறிந்தவரின் தெளிவோடு சாட்சி சொன்னார்.

1963 ஜூலை 4 அன்று நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அவ்விதமாகப் பிடித்துவைக்கும் முறை தொழிலுக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். ஆட்டக்காரனைக் கைமாற்றுவதற்கு மாற்றுத்தொகை வாங்கும் வழக்கத்தை அத்தீர்ப்பு அடியோடு ஒழித்துவிடவில்லை; ஒப்பந்தம் முடிந்தவனுக்கும் விலை கேட்கும் அவலம் தீர, பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மனின் வழக்கில் 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஈஸ்ட்ஹாமோ, ஆட்டமின்றி நின்ற மாதங்களுக்காகக் கேட்ட சம்பளப் பாக்கியைக்கூடப் பெறாமலே, ஆர்சனல் மைதானத்துக்குத் திரும்பினார்.