தலையும் முதலும்

ஆங்கிலச் சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி அதன் பொருளைக் கேட்பது, ஆசிரியப் பணியில் நான் நெடுநாள் கைக்கொண்டிருந்த வழக்கம். ஒருநாள் ‘கேப்பிட்டல்’ என்று எழுதினேன். ஒரு மாணவன் ‘தலைநகரம்’ என்றான். மற்றொருவன் ‘பெரிய எழுத்து’ என்றான். திருவண்ணாமலைக் கடைத்தெருவில் தந்தைக்குத் துணையாக நிற்கும் மூன்றாமவன், ‘முதல், ஐயா’ என்றான்.

மூவர் கூறியதும் சரியே. மூன்று பொருளுக்கும் தாய் ஒன்றே என்பதை அன்று விளக்கினேன். ஆயினும், மூன்றாம் மாணவன் கூறிய பொருளின் ஆழத்தை நான் உணர்ந்தது பல்லாண்டு கழித்துத்தான். மாணவச் செல்வங்களே, அந்தக் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இலத்தீன் மொழியில் ‘கபுட்’ என்றால் தலை. நகரங்களுக்குத் தலையாயது தலைநகரம். வாக்கியத்தின் தலையில் நிற்பது பெரிய எழுத்து. இடைக்கால ஐரோப்பிய வணிகர், வட்டி நீங்கலாக நிற்கும் தலைத் தொகையை அவ்வேரிலிருந்து பிறந்த சொல்லால் குறித்தனர். வியப்பு என்னவெனில், கால்நடையைக் குறிக்கும் ‘கேட்டில்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததாகும். உடைமை என்பது ஒரு காலத்தில் மந்தையாகவே இருந்தது. தமிழிலும் ‘மாடு’ என்றால் செல்வம் என்று பொருள் உண்டு. கல்வி அதிகாரத்தில் வள்ளுவர் அப்பொருளிலேயே அச்சொல்லை ஆள்கிறார். நாமோ தலைத் தொகையை ‘முதல்’ என்கிறோம். முதல் என்பதற்கு அடி, வேர் என்னும் பொருள்களும் உண்டு. மூலதனம் என்பதும் வேர்ச்செல்வமே. அவர்கள் தலை என்றதை நாம் வேர் என்றோம். இரண்டில் எதை வெட்டினாலும் உயிர் போய்விடும்.

இக்கருத்தை நம் முன்னோர் கல்லில் எழுதி வைத்துள்ளனர். எங்கள் அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர் காலம் தொட்டுப் பல கல்வெட்டுகள் உள்ளன. கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் எரியும் பெருஞ்சுடரைக் காண இலட்சக்கணக்கானோர் இவ்வூருக்கு வருகின்றனர். அச்சுடர் சில நாள் எரிந்து அணையும். ஆனால் கோயிலுக்குள் என்றும் அணையாது எரிய வேண்டிய நந்தா விளக்குக்கு நாள்தோறும் நெய் வேண்டுமே! அதற்குத் தமிழகக் கோயில்கள் கண்ட வழி யாது?

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டிகளும் எஞ்சிய பாலும் அவர் உழைப்பின் பயன். சில ஊர்களில் இவ்வெண்ணிக்கை 90. இத்தகைய ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தந்த பெயர் ‘சாவா மூவாப் பேராடு’ என்பதாகும். சாகாத, மூப்படையாத ஆடு உலகில் உண்டோ? இல்லை. ஆடுகள் சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு குறையை நிரப்பி, எண்ணிக்கையை என்றும் அவ்வாறே காக்க வேண்டும். அழியும் பொருள்களைக் கொண்டு அழியாத ஒரு தொகையை நிறுத்தினர். ஆட்டை அறுத்துத் தின்றால் அன்று விருந்து. மறுநாள் விளக்கு இருளும்.

காசாகக் கொடுத்த கொடைக்கும் இதுவே விதி. இராசராசன் காலத்தில் கோயிற் காசை ஊர்ச்சபைகள் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, பொலிசையாகச் செலுத்தின. பொலிசை என்பது வட்டி. அது செலவாகும், முதல் நிற்கும், சந்திரசூரியர் உள்ளவரை.

மேலைநாட்டுக் கம்பெனிகள் இவ்வுண்மைக்கு வந்து சேர்ந்த வழி வேறு. 1600ஆம் ஆண்டின் இறுதி நாளில் பட்டயம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, தொடக்கத்தில் ஒவ்வொரு கடற்பயணத்துக்கும் தனித்தனியே பணம் திரட்டியது. கப்பல் திரும்பியதும் முதலும் இலாபமும் பங்கிடப்பட்டன. 1657இல்தான் கலையாத நிலையான முதல் அக்கம்பெனிக்கு ஏற்பட்டது. நிலைத்த முதலே அதன் வலிமைக்கு ஒரு காரணமாயிற்று. அவ்வலிமை நம் நாட்டுக்கு என்ன செய்தது என்பதை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதல் நிலைப்பதனால் மட்டும் அறம் நிலைத்துவிடாது என்பதையும் மறவாதீர்கள்.

இன்று கம்பெனிகளைப் பற்றிய செய்திகளில் இச்சொல் பல அடைமொழிகளுடன் வரும். வெளியிட ஒப்புதல் பெற்ற உச்ச வரம்பு அங்கீகரிக்கப்பட்ட மூலதனம். பங்குதாரர் உண்மையிலேயே கட்டிய தொகை செலுத்தப்பட்ட மூலதனம். அன்றாடத் தொழிலில் சுழல்வது நடைமுறை மூலதனம். வணிகவியல் மாணவர் பலர் என்னிடம் கேட்டதுண்டு: ‘முதல் என்பது சொத்தல்லவா? ஐந்தொகையில் அதை ஏன் பொறுப்புப் பக்கத்தில் எழுதுகிறார்கள்?’ இடையரை நினைத்துப் பாருங்கள். ஆடுகள் அவர் பட்டியில் நிற்கின்றன, அது சொத்து. ஆனால் 96 என்னும் கணக்கு, அவர் விளக்குக்குப் பட்ட கடன், அது பொறுப்பு. இதனாலேயே 1887இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, சட்டம் அனுமதித்த வழியிலன்றிக் கம்பெனி தன் முதலைப் பங்குதாரருக்குத் திருப்பித் தரலாகாது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும், பங்காதாயத்தைப் பொதுவாக இலாபத்திலிருந்தே தர வேண்டும் என்கிறது.

இவ்வளவும் அறிந்த நானே ஒருமுறை தவறினேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றில், தமிழில் முதலிடம் பெறும் மாணவருக்கு ஆண்டுதோறும் பரிசளிக்க ஒரு பெரியவர் சிறு நிதி வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் வகுப்பறைக் கூரை ஒழுகிற்று. ‘பிறகு நிரப்பிவிடலாம்’ என்று அந்த முதலை எடுக்க நான் கையெழுத்திட்டேன். கூரை சீராயிற்று, நிதி நிரம்பவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு, முதலிடம் பெற்ற மாணவியின் தந்தை வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் மகளின் பெயரைப் படித்தோம். கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்றபோது என் பணத்திலிருந்து அந்நிதியை நிரப்பினேன். பரிசு மீண்டும் நடக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்குரிய ஆண்டை நான் எவ்வாறு நிரப்புவேன்?

‘முதலுக்கே மோசம்’ என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்வர். தீய நோக்கத்தோடு முதலைத் தின்பவர் சிலரே; நல்ல காரணம் ஒன்றைச் சொல்லித் தின்பவரே பலர். நாளை உங்களுள் சிலர் கம்பெனிகளிலும் சங்கங்களிலும் பள்ளிகளிலும் கணக்கில் கையெழுத்திடும் பொறுப்பை ஏற்பீர்கள். அப்போது பேனாவை எடுக்குமுன், இது பாலா, ஆடா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பாலைக் கறந்துகொள்ளலாம். ஆடு, நமக்குப் பின் வருவோரின் விளக்குக்கு உரியது.