நகரும் மர அறுவை ஆலை

நகரும் மர அறுவை ஆலை என்பது, வெட்டி வீழ்த்தப்பட்ட மரத்தை அது கிடக்கும் இடத்திலேயே பலகையாகவும் சட்டமாகவும் அறுக்கப் பயன்படும் இயந்திரம் ஆகும். இது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லத்தக்கதாகவோ, பகுதி பகுதியாகக் கழற்றிச் சுமந்து செல்லத்தக்கதாகவோ அமைக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில், ஓரிருவர் சேர்ந்து இவ்வியந்திரத்தைக் கொண்டு கூலிக்கு மரம் அறுத்துத் தருவது ஒரு சிறுதொழிலாக நடைபெறுகிறது. இத்தொழிலுக்கு வரும் மரங்களிற் பல, நிலையான ஆலைகள் வாங்க மறுப்பவை. எனவே, எந்த மரத்தை எந்த நிபந்தனையில் அறுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது இத்தொழிலின் இலாப நட்டத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வரலாறு

இயந்திரங்கள் வருவதற்கு முன்னர், குழிக்கு மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலும் ஒருவர் குழிக்குள்ளும் நின்று நீண்ட வாளால் அறுக்கும் முறை உலகின் பல பகுதிகளில் இருந்தது. அக்காலத்தில் அறுப்பவர்களே மரம் இருக்கும் இடத்துக்குச் சென்றனர். 19 ஆம் நூற்றாண்டில், நீராவிப் பொறியால் இயங்கும் வட்ட வாள் ஆலைகள் வட அமெரிக்கக் காடுகளில் இடம் மாற்றி இடம் நிறுவப்பட்டன. எனினும் அவற்றை நகர்த்துவதும் மீண்டும் நிறுவுவதும் பெரும் வேலையாக இருந்தன.

1982 இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிசு நகரில் தொடங்கப்பட்ட வுட்-மைசர் நிறுவனம், மெல்லிய பட்டை வாளைப் பயன்படுத்தும் சிறு ஆலைகளைப் பரவலாக்கியது. ஆஸ்திரேலியாவின் லூக்காஸ், நியூசிலாந்தின் பீட்டர்சன் ஆகிய நிறுவனங்கள் திரும்பு வாள் வகை ஆலைகளால் அறியப்படுகின்றன. பப்புவா நியூ கினியில் ஊர் மக்கள் காட்டுக்குள் எடுத்துச் சென்று பயன்படுத்தும் சிறு ஆலை, டோக் பிசின் மொழியில் வோக்கபவுட் சோமில், அதாவது நடந்து திரியும் மர ஆலை எனப்படுகிறது.

வகைகள்

* பட்டை வாள் ஆலை: பேண்ட் சா எனப்படும் முடிவற்ற பட்டை வாள் இரு சக்கரங்களில் சுழலும். மரத்தடி அசையாமல் இருக்க, வாள் பொருத்திய தலைப்பகுதி தண்டவாளத்தின் மேல் நகர்ந்து அறுக்கும். இதில் மரத்தூளாகும் சேதம் குறைவு.
* திரும்பு வாள் ஆலை: ஒரே வட்ட வாள் கிடையாகவும் செங்குத்தாகவும் 90 பாகை திரும்பி அறுக்கும். மரத்தடியைப் புரட்ட வேண்டியதில்லை என்பதால் பெருமரங்களுக்கு ஏற்றது.
* சங்கிலி வாள் ஆலை: சங்கிலி வாளுடன் ஒரு சட்டகத்தைப் பொருத்தி அறுப்பது. விலை குறைவு, தோளில் சுமந்து செல்லலாம். ஆனால் வேகம் குறைவு, சேதம் மிகுதி.

அறுப்பு அகலம்

வாள் செல்லும் வழியில் மரத்தூளாகிப் போகும் பகுதியின் தடிப்பு அறுப்பு அகலம் எனப்படும். பட்டை வாளில் இது ஏறத்தாழ 2 மி.மீ., பெரிய வட்ட வாளில் ஏறத்தாழ 6 மி.மீ. ஆகும். 300 மி.மீ. தடிப்புள்ள சதுரக் கட்டையை 25 மி.மீ. பலகைகளாக அறுத்தால், பட்டை வாளில் 11 பலகைகளும் வட்ட வாளில் 9 பலகைகளும் கிடைக்கும்.

கூலி கணக்கிடும் முறைகள்

அமெரிக்காவில் அறுத்த மரம் பலகை அடிக் கணக்கில் அளக்கப்படுகிறது. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலத் தடிப்பு கொண்ட பலகை ஒரு பலகை அடி ஆகும். 12 பலகை அடி ஒரு கன அடிக்குச் சமம்.

கூலி பலகை அடிக்கு இவ்வளவு என்றோ, மணிக்கு இவ்வளவு என்றோ பேசப்படும். 20 செ.மீ. விட்டமுள்ள தடியில், அதே நீளமுள்ள 40 செ.மீ. தடியில் இருப்பதன் கால் பங்கு மரமே உண்டு. ஆனால் தடியை ஏற்றவும் இறுக்கவும் புரட்டவும் ஆகும் நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே சிறு தடிகளைப் பலகை அடிக் கூலிக்கு அறுப்பவர் நட்டமடைவார். நேரக் கூலியாயின் அதே சுமை வாடிக்கையாளர் மீது விழும். இதனால் நல்ல தடிகளுக்குப் பலகை அடிக் கூலியும், சிறிய, கோணலான தடிகளுக்கு நேரக் கூலியும் கேட்பதுண்டு.

தடி நிலையிலேயே மதிப்பிடுவதற்கு வெவ்வேறு அட்டவணைகள் உள்ளன. 12 அங்குல விட்டமும் 16 அடி நீளமும் கொண்ட தடியில் டாயில் அட்டவணைப்படி 64 பலகை அடியும், பன்னாட்டுக் கால் அங்குல அட்டவணைப்படி 95 பலகை அடியும் இருக்கும். எந்த அட்டவணை என்று முதலில் பேசாவிட்டால், ஒரே தடிக்கு மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு வந்து பூசலில் முடியலாம். அறுத்த பலகைகளை அளந்து கூலி கணக்கிடுவது இதனைத் தவிர்க்கும்.

கடினமான பணிகள்

மரத்துள் உலோகம்

வீட்டு முற்றத்திலும் வேலியோரத்திலும் வளர்ந்த மரங்களில் ஆணி, கம்பி, கொக்கி, துப்பாக்கிக் குண்டு முதலியன புதைந்திருப்பதுண்டு. மரம் நுனியில் மட்டுமே உயரம் கூடுகிறது. அடிமரம் பருமனில் மட்டுமே பெருக்கிறது. எனவே 5 அடி உயரத்தில் அடித்த ஆணி, ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதே உயரத்தில், ஆனால் மரத்தின் உட்புறத்தில் இருக்கும். மனிதர் கைக்கு எட்டும் அடிமரமே பெரும்பாலும் கணு குறைந்த, விலை உயர்ந்த பகுதியாகவும் உள்ளது. அதாவது, மரத்தின் மிகச் சிறந்த பகுதியே வாளுக்கு மிகவும் ஆபத்தான பகுதி ஆகும்.

ஓக் போன்ற தானின் மிகுந்த மரங்களில், இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றி நீலங்கலந்த கருங்கறை படரும். தடியின் வெட்டுமுகத்தில் இக்கறையைக் காண்பவர் எச்சரிக்கை அடையலாம். உலோகம் உணர் கருவி ஆழத்தில் உள்ளவற்றைத் தவறவிடக்கூடும். வேலியில் பயன்பட்ட பீங்கான் மின்காப்பிகளையும் கற்களையும் அது காட்டாது. முதல் உலகப் போர் நடந்த பிரான்சின் வடகிழக்குக் காடுகளில் எறிகணைச் சிதறல்கள் புதைந்த மரங்கள் மர ஆலைகளுக்கு நெடுங்காலம் சிக்கலாக இருந்தன.

பெருமரங்கள்

60 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட பச்சை ஓக் தடி ஏறத்தாழ 850 கிலோகிராம் எடையுள்ளது. ஆலையின் கொள்ளளவை மீறும் தடிகளைச் சங்கிலி வாளால் இரண்டாகப் பிளந்த பின்னரே பட்டை வாளில் ஏற்ற இயலும். பிளக்கும் நேரத்தைக் கூலியில் சேர்க்காவிட்டால், பெரிய மரம் பெரிய நட்டமாகிவிடும்.

உள்விசை கொண்ட மரங்கள்

சாய்ந்து வளர்ந்த மரங்களிலும் கிளைகளிலும் எதிர்வினை மரம் என்னும் மாறுபட்ட திசு உண்டாகிறது. இது ஊசியிலை மரங்களில் சாய்வின் கீழ்ப்புறத்திலும், அகன்ற இலை மரங்களில் மேற்புறத்திலும் அமைகிறது. அறுக்கும்போது இதன் உள்விசை விடுபடுவதால் பலகை வில்போல் வளையும். அறுபடும் கட்டையும் தாங்கியை விட்டு எழும்பும். ஒரு பக்கமே அறுத்துச் செல்லாமல் தடியை 180 பாகை புரட்டி இரு பக்கமும் மாறி மாறி அறுப்பதால் வளைவைக் குறைக்கலாம். முற்றிலும் நீக்க இயலாது.

மண் படிந்த, உறைந்த தடிகள்

தரையில் இழுத்து வரப்பட்ட தடியின் பட்டையில் மணல் ஒட்டியிருக்கும். இது வாளின் கூரை விரைவில் மழுக்கும். மழுங்கிய வாள் நேராகச் செல்லாது. பலகையில் அலை அலையாகத் தடிப்பு மாறும். குளிர் நாடுகளில் உறைந்த தடிகளை அறுக்க வேறு பற்கோணம் கொண்ட வாள் தேவைப்படுகிறது.

பணியிடம்

ஆலையை நிறுத்தச் சமமான, உறுதியான நிலம் வேண்டும். தண்டவாளம் கோணினால் பலகையும் கோணும். தடிகள் எட்டாத இடத்திலோ ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தோ கிடந்தால், நாளின் பெரும்பகுதி அவற்றை நகர்த்துவதிலேயே கழியும்.

ஒப்பந்தம்

மேற்கூறிய இடர்களை யார் ஏற்பது என்பதே ஒப்பந்தத்தின் சாரம் ஆகும். பொதுவாகப் பின்வருவன முன்கூட்டியே பேசப்படுகின்றன:

* உலோகத்தால் கெடும் ஒவ்வொரு வாளுக்கும் உரிய தொகையை வாடிக்கையாளர் தருதல்
* பயணம், நிறுவுதல் ஆகியவற்றுக்கான தனிக்கட்டணம், ஒரு நாளுக்கான குறைந்தபட்சக் கூலி
* தடிகளை அடுக்கி வைப்பதும் பலகைகளை எடுத்து அடுக்குவதும் யார் பொறுப்பு என்பது
* பலகையின் தடிப்பும் அகலமும்
* பின்னாளில் காயும்போது ஏற்படும் வெடிப்புக்கும் வளைவுக்கும் யார் பொறுப்பு என்பது

வாடிக்கையாளர் தம் தாத்தா நட்ட மரத்தில் மேசை செய்ய விரும்பி அழைப்பதுண்டு. அத்தகைய மரத்தின் சந்தை விலை அறுப்புக் கூலியை விடக் குறைவாக இருக்கலாம். இதை வாளை இயக்கும் முன்னரே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நன்மை தரும்.

நோயுற்ற மரங்கள்

ஆசியாவைச் சேர்ந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று 2002 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அது வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்துள்ளது. இவ்வண்டின் புழு பட்டைக்கு அடியில் வாழ்வதால், பட்டையுடன் கூடிய தடிகளை வெளியே கொண்டுசெல்லப் பல பகுதிகளில் தடை விதிக்கப்பட்டது. அமெரிக்க நடுவண் அரசின் தடை 2021 சனவரியில் நீக்கப்பட்டது. தடியை அவ்விடத்திலேயே அறுக்கவல்ல நகரும் ஆலைகள் இத்தகைய சூழலில் பயனுள்ளவை. எனினும் பட்டையோடு கூடிய கழிவுகளையும் அவ்விடத்திலேயே அகற்ற வேண்டும்.

பாதுகாப்பு

மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதற் பிரிவுப் பொருட்களில் சேர்த்தது. எனவே மூச்சுக்கவசம், காதுக்கவசம், கண்ணாடி ஆகியவை இன்றியமையாதவை. உருளும் தடியும் அறுந்து தெறிக்கும் வாளும் பிற ஆபத்துகள். பார்வையாளர்களையும் குழந்தைகளையும் தொலைவில் நிறுத்துவதும் இயக்குபவரின் பொறுப்பாகும்.

இந்தியாவில் சட்ட நிலை

நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகள் தொடர்பான கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. காட்டுப் பகுதிக்குள் நடுவண் அரசின் முன் இசைவின்றி இயங்கும் எவ்வகை மர அறுவை ஆலையும் நிறுத்தப்பட வேண்டும் என்று அது கூறியது. 2002 இல் புதிய ஆலைகளைத் திறப்பதற்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஆகவே, மேற்கு நாடுகளில் ஒருவர் இயந்திரத்தை வாங்கியவுடன் தொடங்கும் இத்தொழிலை, இந்தியாவில் உரிமம் குறித்த விதிகளை அறிந்த பின்னரே எண்ணிப் பார்க்க இயலும்.

இவற்றையும் பார்க்க

* மரவேலை
* சங்கிலி வாள்
* மரம் பதப்படுத்தல்
* காட்டியல்